ஐந்தாவது வெள்ளைக் கட்டை

கித்தார் வாசிக்கிறவன் கீபோர்டு வாங்கப் போனால் கடைக்காரர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். டவுனுக்குள், லோபாக்கில் ஒரு மாடிக் கடை. முதல் கீபோர்டின்மேல் நான் கையை வைத்ததுமே கடை முதலாளியான சீனத் தவுக்கே குனிந்து என் இடது கையைப் பார்த்தார். நாலு விரல் நுனியிலும் தோல் காய்த்துப்போய் இருந்தது. முப்பது வருடம் கம்பியை அழுத்தினால் அப்படித்தான் ஆகும். கித்தார்தானே என்று மலாயில் கேட்டுவிட்டு, வீட்டில் பிள்ளைக்கா வாங்குகிறீர்கள் என்றார். எனக்குத்தான் என்றேன். ஐம்பத்துமூன்று வயதில் இது எதற்கு என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காரணத்தை வெளியே சொல்ல முடியாத காரியத்துக்குப் போகிறவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

காரணம் என் மனைவி. அவள் மறுபடியும் பாட வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் தாமான், வரிசை வீட்டுக் குடியிருப்பு, தோட்டத்தை ஒட்டிக் கட்டியது. முன்வாசலில் நின்றால் செம்பனை. அதற்குள் மண்சடக்கில் ஒரு கிலோமீட்டர் போனால் மாரியம்மன் கோயில். நான் நீலாயில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை செய்கிறேன், மனைவிக்குப் பள்ளிக்கூடக் கண்டினில் சமையல். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் என்று எங்களில் யாரும் மிச்சமில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம், செண்டாயானில் வீடு வாங்கிப் போனவர்கள்கூட காரை எடுத்துக்கொண்டு அந்தக் கோயிலுக்குத்தான் வருவார்கள். பூசை முடிந்ததும் பஜனை. நான் கித்தார், என் பழைய சிநேகிதர் ஒருவர் டோலாக். மனைவி முதலில் ஒரு வரி பாடுவாள், மற்றப் பெண்கள் அதை வாங்கிப் பாடுவார்கள்.

அவளுக்குத் தோட்டத்தில் ‘அஞ்சு கட்டை’ என்று பேர். ஆர்மோனியத்தில் ஐந்தாவது வெள்ளைக் கட்டையைச் சுருதியாக வைத்துக்கொண்டு பாடுகிறவள் என்று அர்த்தம். கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்த பேர். தோட்டங்களுக்குள் பாட்டுப் போட்டி நடந்த காலத்தில் மற்றப் பெண்களெல்லாம் நாலு, நாலரையில் இழுத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஐந்தில் எடுத்து மேலே போவாளாம். அந்தப் பேரில் அவளுக்குக் கர்வம் உண்டு. கேட்டால் இல்லை என்பாள். உண்டு.

கித்தாரில் அவளுக்காகக் கேப்போ போடுவேன். கேப்போ என்பது துணி காயப்போடுகிற கிளிப் மாதிரி ஒன்று. கித்தாரின் கழுத்தில் எந்தக் கட்டத்தில் அதைக் கவ்வ வைக்கிறோமோ அந்த அளவுக்குச் சுருதி ஏறும். அவளுக்கு மூன்றாவது கட்டம். இருபத்துநாலு வருடமாக மூன்றாவது கட்டம்தான். பாட உட்காரும்போது அம்மனைப் பார்க்கிறாளோ இல்லையோ, ஓரக்கண்ணால் கேப்போ எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு என்றார்கள். எடுத்துத்தான் ஆகவேண்டும், எடுத்தால் குரல் கொஞ்சம் மாறலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். கையெழுத்துப் போட்டது நான்தான், அவளும்தான். கட்டி நல்லபடியாகப் போய்விட்டது. பேச்சும் இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. மேல் ஸ்வரங்கள் மட்டும் வரவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வருமே, அந்த மாதிரி வந்தது.

நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசியாறிவிட்டு உட்கார்ந்திருந்தபோது கித்தாரை எடுத்து, கேப்போவை இரண்டாவது கட்டத்தில் வைத்து, பாடு பார்க்கலாம் என்றேன். அரைக் கட்டைதானே, என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். அவள் கேப்போவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ எறக்கிட்டீங்களா?" என்றாள்.

கொஞ்ச நாளைக்குத்தான் என்றேன்.

"வேணாங்க. எறக்கிப் பாடறதுக்கு நான் பாடாமயே இருந்துக்கறேன்."

அதோடு சரி. ஏழு மாதம். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவாள், பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவாள், உதடுகூட அசையாது. வேறு ஒரு பெண் முன்னே பாடினாள். நல்ல பெண்தான், பாவம், அவள் பாட ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். வீட்டிலும் ரேடியோ கிடையாது, முணுமுணுப்பு கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து பாட்டுக் கேட்டுக்கொண்டே இருந்த வீடு அது. சோறு வேகிற சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வரும். வெளியே போய் மோட்டார் சைக்கிளைக் கழுவுவேன்.

பிறகு ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, தன்னை மறந்து, ஏதோ முனகினாள். குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்குள் லேசாகக் கேட்டது. நான் கூடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கித்தாரை மடியில் வைத்து, ஒரு கம்பியை மெல்லத் தடவிப் பார்த்தேன். இரண்டு கட்டை. அங்கே அவள் குரல் பிசிறில்லாமல் இருந்தது. கொஞ்சம் கனத்து, தேன் மாதிரி. பழைய குரல் இல்லை, ஆனால் குரல்தான்.

இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அந்த முனகலும் நின்றுபோகும் என்று பயந்தேன். அங்கேதான் எனக்குக் கீபோர்டு புத்தி வந்தது.

கித்தார் பொய் சொல்லாது. கேப்போ இருக்கிற இடம் கண்ணுக்குத் தெரியும், கையை மாற்றிப் பிடித்தால் அதுவும் அவளுக்குத் தெரியும். கீபோர்டில் அப்படியில்லை. டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கிவிட்டால் நீங்கள் ஐந்தாவது கட்டையைத் தொடுவீர்கள், உள்ளேயிருந்து இரண்டாவது கட்டை பேசும். கை அதே இடத்தில் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தக் கடையில் நான் முதலில் தேடியதும் அதைத்தான். தவுக்கே சிரித்தார். எல்லாக் கித்தார்க்காரனும் அந்தப் பொத்தானைத்தான் தேடுவான், கறுப்புக் கட்டைக்குப் பயம் என்றார். பயம்தான். கித்தாரில் ஒரு பிடியைப் பழகிவிட்டால் கேப்போவை வைத்து எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம். கீபோர்டில் ஒவ்வொரு சுருதிக்கும் விரல் வேறு மாதிரிப் போகவேண்டும். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

இரண்டு கீபோர்டு எடுத்து வைத்தார். முதலாவது நல்ல சாமான். மெல்லத் தொட்டால் மெல்லவும் ஓங்கித் தொட்டால் ஓங்கியும் பேசியது, ஒலிப்பெட்டியும் கோயில் மண்டபத்துக்குப் போதும். நடுவில் நீல நிறத்தில் பெரிய திரை. ஐந்தாவது வெள்ளையிலிருந்து இரண்டாவது வெள்ளைக்கு இறங்க, நடுவில் இருக்கிற கறுப்பையும் சேர்த்தால் ஐந்து படி; பொத்தானை ஐந்து தடவை அமுக்கினேன். திரையின் மூலையில் ‘-5’ என்று வந்து உட்கார்ந்துகொண்டது. காத்திருந்தேன். அது போகவில்லை. இரண்டாவது சாமான் மலிவு. எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம், கட்டைகள் பிளாஸ்டிக் டப்பா மூடி மாதிரித் தடதடவென்றன. ஆனால் அதன் சின்னச் சிவப்புத் திரையில் ‘-5’ என்று இரண்டு விநாடி மின்னிவிட்டு, எப்போதும் காட்டுகிற தாள நம்பரே மறுபடியும் வந்துவிட்டது. சுருதி இறங்கியிருப்பதற்கு எந்த அடையாளமும் இல்லை.

இதைக் கொடுங்கள் என்றேன். காது கேட்கிறதா உனக்கு என்பதுபோலப் பார்த்தார் தவுக்கே. நல்லதை எடுத்துக்கொள், விலையைக் குறைக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பேட்டரியாவது ஆறு வாங்கிப் போட்டுக்கொள் என்றார். கோயிலில் கரண்டு இருக்கிறது என்றேன். முப்பது வருடம் வாசிக்கிறவன், காதால் கேட்டு வாங்க வேண்டிய சாமானைக் கண்ணால் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தேன். மனைவியின் கண்ணால்.

வீட்டில் இன்னொரு பொய் தேவைப்பட்டது. கித்தார்க்காரன் திடீரென்று ஏன் கீபோர்டு வாங்குகிறான்? விரல் வலிக்கிறது என்றேன். மூட்டு பிடித்துக்கொள்கிறது, கம்பியை அழுத்த முடியவில்லை என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று என்னைத் திட்டினாள். அன்றைக்கே நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி, என் கையை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டாள். ஒன்றும் ஆகாத விரல்கள். நான் இடையிடையே ஸ் ஸ் என்று வேறு சொல்லவேண்டியிருந்தது. ச்சே.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டேன். எனக்கு இது புதுசு, கட்டை எது எதுவென்று குழம்புகிறது, உன் இடத்தைக் காட்டு என்றேன். வந்து குனிந்து எண்ணினாள். ஐந்தாவது வெள்ளைக் கட்டையில் விரலை வைத்தாள். தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தக் கட்டையின்மேலேயே ஒட்டினாள். இனிக் குழம்பாது என்றாள். அவள் வருவதற்கு முன்னாலேயே நான் அந்தப் பொத்தானை ஐந்து தடவை அமுக்கி வைத்திருந்தேன்.

பொட்டு வைத்த கட்டையை அழுத்தினேன். சும்மா ‘ஆ’ என்று மட்டும் சொல்லிப் பாரேன் என்றேன். தயங்கினாள். பிறகு சொன்னாள். நின்றது. ஒரு வரி பாடினாள். மேலே போனாள். அதுவும் நின்றது. பாதிப் பாட்டில் நிறுத்தி, கழுத்திலிருந்த தழும்பைத் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வந்துருச்சுங்க" என்றாள்.

அதற்கப்புறம் அழுதாள். நானும் அழுதேன். என் அழுகையில் பாதி வேறு கணக்கு, அது அவளுக்குத் தெரியாது.

மறுவாரத்திலிருந்து முன்வரிசைக்கு வந்துவிட்டாள். ‘அஞ்சு கட்டை அக்கா’ திரும்பி வந்துவிட்டார் என்று எல்லாருக்கும் சந்தோஷம். மற்றப் பெண்களுக்குக் கூடுதல் சந்தோஷம், ஏனென்றால் இப்போது அவர்களுக்கும் தொண்டை எட்டியது. முன்னெல்லாம் உங்ககூட மூச்சு வாங்கும்லா, இப்ப நாங்களும் சேந்து பாடறோம் என்று ஒரு பெண் சொன்னாள். மனைவி அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். டோலாக்காரர் மட்டும் செருப்பு மாட்டும்போது என் பக்கத்தில் வந்து, எத்தனை இறக்கியிருக்கிறாய் என்று கேட்டார். உன் டோலாக்கைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அப்புறம் அவர் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நான்தான் கோயிலுக்கு முதலில் போவேன். கீபோர்டைப் போட்டு, ஐந்து தடவை அமுக்கி, திரை பழையபடி ஆகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் கை கால் கழுவப் போவேன். அணைத்துவிட்டால் அந்தச் சாமான் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து அமுக்க வேண்டும். ஒன்பது மாதம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. வீட்டில் எண்ணெய்த் தேய்ப்பும் தவறவில்லை. காய்ப்பெல்லாம் கரைந்துவிட்டது, கை பச்சைப் பிள்ளை கை மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஆடித் திருவிழா வந்தது. பால்குடம் முடிந்து, அன்னதானத்துக்கு முன்னால், பகல் பதினொன்றரை மணிக்கு எங்கள் பஜனை. மண்டபம் தாண்டிக் கூடாரம் வரைக்கும் கூட்டம். கோலாலம்பூருக்குப் போனவர்கள், ஜொகூருக்குப் போனவர்கள், எல்லாரும் பிள்ளைகுட்டியோடு வந்திருந்தார்கள். மனைவி மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். கழுத்துத் தழும்பை மறைக்க எப்போதும் போடுகிற சால்வையை அன்று போடவில்லை.

மூன்றாவது பாட்டு. அம்மனைக் கூப்பிடுகிற பாட்டு, கடைசி அடியில் உச்சிக்குப் போகும். பாதியில் கரண்டு போய்விட்டது. சமையல் கூடாரத்தில் யாரோ தண்ணீர் கொதிக்கிற பெரிய பாய்லரையும் அதே ஒயரில் சொருகியிருக்கிறார்கள். விசிறிகள் நின்றன, மைக் செத்தது, என் கீபோர்டும் ஊமையாயிற்று. டோலாக்காரர் மட்டும் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார், ஜனங்கள் கை தட்டினார்கள். மனைவி சிரித்துக்கொண்டே கையால் தாளம் போட்டாள். இரண்டு நிமிடம் இருக்கும். விசிறி சுற்ற ஆரம்பித்தது, மைக் கொய்யென்றது, என் முன்னால் சிவப்புத் திரையில் தாள நம்பர் வந்தது. அது தள்ளுகிற சுவிட்ச், தள்ளின இடத்திலேயே நிற்கும், கரண்டு வந்ததும் சாமான் தானே உயிர் பெற்றுவிடும்.

நான் எதையும் அணைக்கவில்லை. அதனால் அது அணைந்துபோனதாகவே எனக்குப் படவில்லை. கித்தார்க்காரன் புத்தி. கேப்போவை ஒரு தடவை மாட்டினால், கரண்டு போனாலும் மழை பெய்தாலும் அது மாட்டின இடத்திலேயே இருக்கும். முப்பது வருடப் பழக்கம் ஒன்பது மாதத்தில் போகுமா? திரையில் தெரிந்திருந்தால் பார்த்திருப்பேன். தெரியாத திரையாகப் பார்த்துப் பார்த்து வாங்கினவன் நான்தான்.

பொட்டு வைத்த கட்டையை ஓங்கி அழுத்தினேன். ஐந்து கட்டையே வந்தது. நிஜமான ஐந்து கட்டை. என் காது கேட்டது, கை பொத்தானுக்குப் போனது, அதற்குள் அவள் எடுத்துவிட்டாள். சுருதி எங்கே கூப்பிட்டதோ அங்கே போனாள். மைக்குக்கு முன்னால், அவ்வளவு பேருக்கு முன்னால், அவள் குரல் உடைந்தது. உடைந்ததுகூட இல்லை, காற்றாக வந்தது. இன்னொரு தடவை முயன்றாள். இருமல் வந்தது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் சிரித்துவிட்டாள், அவள் அம்மா வாயைப் பொத்தினாள்.

நான் டப் டப்பென்று ஐந்து தடவை அமுக்கிவிட்டு மறுபடியும் அதே கட்டையை அழுத்தினேன். அதைச் செய்திருக்கக் கூடாது. மனைவி திரும்பிப் பார்த்தாள். பொட்டின்மேல் என் விரல் இருந்தது, சத்தம் மட்டும் எங்கோ கீழே இருந்தது. முதலில் பொட்டைப் பார்த்தாள். பிறகு இன்னும் பொத்தானிலேயே இருந்த என் இன்னொரு கையைப் பார்த்தாள். இருபத்துநாலு வருடம் கேப்போவைப் பார்த்தவளுக்கு வேறு என்ன சொல்லவேண்டும்? மைக்கைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, எழுந்து, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, அன்னதானக் கூடாரத்துக்குப் போய்ச் சோறு போட நின்றுவிட்டாள். கடைசிப் பந்தி வரைக்கும் போட்டாள். எனக்கும் போட்டாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கையை நீட்டச் சொன்னாள். நீட்டினேன். தேய்க்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன எறக்கினீங்க?"

அஞ்சு என்றேன்.

"மொத நாள்லேருந்தா?"

தலையாட்டினேன். என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. உனக்காகத்தான் என்றேன், நீ பாடாமல் எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை என்றேன், இரண்டு கட்டையில் உன் குரல் எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா என்றேன். எல்லாம் உண்மை. உளறினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊரே என்னப் பாத்துச்சு, அது போவட்டும்" என்றாள். "எனக்குக் குரல் வந்துருச்சுன்னு அம்மனுக்கு மாவெளக்குப் போட்டேனே. அப்பகூடப் பக்கத்துல நின்னீங்களே."

அவள் என் விரல்களைப் பார்த்தாள்.

"இது?" என்றாள். "இது வலிக்குதா இல்லியா?"

அந்த ஒரு பொய்யையாவது காப்பாற்றியிருக்கலாம். இத்தனை சொன்னவன் இன்னொன்று சொன்னால் என்ன? ஆனால் முடியவில்லை. வலிக்கல, என்னைக்குமே வலிக்கல என்றேன். என் கையை என் மடியிலேயே வைத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எண்ணெயைப் பாட்டிலில் திரும்ப ஊற்றுகிற சத்தம் கேட்டது.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. சமைக்கிறாள், சாப்பாடு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். வெள்ளிக்கிழமை பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறாள். கீபோர்டு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பொட்டை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவும்போது கூடத்தில் உட்கார்ந்து கித்தாரை எடுக்கிறேன். கேப்போ இல்லை. இரண்டு கட்டைக்குக் கித்தாரில் கேப்போவே வேண்டாம். கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பிடி அது. லோபாக் வரைக்கும் போயிருக்கவே வேண்டாம். அந்தப் பிடியைப் பிடித்து, மெல்ல, அவள் காதில் விழுகிற அளவுக்கு வாசிக்கிறேன். குழாய்த் தண்ணீர் ஓடுகிறது. முனகல் வரவில்லை.

ஒன்பது மாத எண்ணெயில் என் விரல் நுனிகள் மெத்தென்று ஆகிவிட்டன. நாலு நிமிடம் வாசித்தால் கம்பி கத்தி மாதிரி இறங்குகிறது, நேற்று ஒரு விரலில் ரத்தமே வந்துவிட்டது. வலி உயிர் போகிறது. அவளிடம் சொல்ல முடியாது.